பொட்டு வைக்காத நாலு பாட்டில்

"இது யாரு கைரேகை, ஆயா?"

நந்தினி கேட்டபோது நான் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஆயுத பூஜை என்றால் லேபிலிருந்து எனக்குப் போன் வந்துவிடும். கூப்பிட்டால் போகாமல் இருப்பேனா? பேரனை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டு, தலையைக்கூடச் சரியாகச் சீவாமல், விக்கிரவாண்டியில் திண்டிவனம் பஸ் ஏறிவிட்டேன். ஜன்னலோர சீட்டு கிடைத்தது. அன்றைய பொழுது நன்றாகப் போகும் என்று அப்போதே தெரிந்துபோனது.

நந்தினி இப்போது அந்த லேபில் ஆராய்ச்சி படிக்கிற பெண். பூஜைக்காகப் பழைய அலமாரியை ஒழித்தபோது அடித்தட்டில் ஒரு தடி நோட்டு கிடைத்திருக்கிறது. அதைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். பக்கம் முழுக்க இங்கிலீஷ். அடியில் நீல மையில் ஒரு கட்டைவிரல்.

"என் வெரலு தான்டி. பாரு, ரேகையே தேஞ்சு போய்க்கீது. பதினாறு வருசம் பாட்டில் கழுவின வெரலு."

"இங்க எதுக்கு ஆயா கைநாட்டு வெச்சீங்க? இதுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கட்டுமா?"

"இரு, இரு. அதுல என் தப்பு எழுதியிருக்குது. எழுத்துல கேக்கறதுக்கு முன்னாடி என் வாயால கேட்டுடு. அப்புறம் படி."

அவள் சிரித்துக்கொண்டே போனை எடுத்துப் பேச்சைப் பிடிக்க ஆரம்பித்தாள். லேப் மலரில் போட வேண்டுமாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொன்னதை அவள்தான் எழுதுகிறாள். கொஞ்சம் சீவிச் சிங்காரித்து எழுதிக்கொள்கிறேன் ஆயா என்றாள். "சீவிக்கோ. பூ மட்டும் வெச்சிடாத" என்று சொல்லியிருக்கிறேன்.

வேலைக்கு வந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். அதுவரைக்கும் எனக்குத் தெரிந்ததெல்லாம் நடவு, களை, கரும்புச் சோகை உரிப்பது, மல்லாட்டை ஆய்வது. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் பேர். நெடுஞ்சாலை ஓரத்தில் ஆராய்ச்சிக் கட்டிடம் எழும்பியபோது கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்றார்கள். எங்கள் காலனியிலிருந்து ஒன்பது பேர் போனோம். கௌசல்யா மேடம்தான் லேபுக்குத் தலைவர். எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார். "உங்களுக்கு எந்த வேலை ரொம்ப நல்லா வரும்?"

மற்றவர்கள் கூட்டுவேன், துடைப்பேன் என்றார்கள். நான் உளறிவிட்டேன். "மல்லாட்டைய காதுகிட்ட வெச்சு ஆட்டினா போதுங்க, உள்ள பருப்பு நல்லா கீதா, பொக்கா கீதான்னு சொல்லிடுவேன்."

கூட வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு கை மல்லாட்டை எடுத்து வந்து ஒவ்வொன்றாக என்னிடம் கொடுத்தார். நான் ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர் உடைத்து உடைத்துப் பார்த்தார். கடைசி மல்லாட்டையை வாயில் போட்டுக்கொண்டு, "நாளைலேர்ந்து வாங்க, அஞ்சலை" என்றார். என் வயசுக்கு அதுவரை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த யாரும் என்னை 'வாங்க' என்று சொன்னதில்லை.

சரி, அந்த லேபில் என்ன வேலை என்று சொல்ல வேண்டும் இல்லையா? எனக்கு ஜெசிந்தா சொன்ன மாதிரியே சொல்கிறேன். ஜெசிந்தா யார் என்று பின்னால் வருகிறது.

மல்லாட்டைச் செடிக்குத் தாகம் எடுத்தால் வாய் திறந்து கேட்காது. அதன் உடம்புக்குள்ளே ஆயிரக்கணக்கான புரோட்டீன் இருக்கிறது. அதில் சிலவற்றுக்குச் செடி ஒரு பொட்டு வைக்கும். பாஸ்பேட் பொட்டு. வயலுக்கு சூப்பர் பாஸ்பேட் உரம் போடுகிறோமே, அந்த பாஸ்பேட்தான். பொட்டு ஏறியதும் அந்தப் புரோட்டீன் புது வேலை பார்க்கும்: இலையில் இருக்கிற வாசலை மூடு, தண்ணீரை வெளியே விடாதே, வேரை இன்னும் கீழே அனுப்பு என்று. எந்தெந்தப் புரோட்டீனுக்குப் பொட்டு ஏறுகிறது என்று தெரிந்துவிட்டால், தண்ணீர் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கிற ரகம் எது என்று தேட வழி கிடைக்கும்.

ஆனால் பொட்டு வைத்தவை ரொம்பக் கொஞ்சம். பொங்கலுக்கு முதல் நாள் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கூட்டத்தில், தெரிந்த நாலு முகத்தை மட்டும் கைப்பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வருகிற மாதிரி வேலை. இலையின் புரோட்டீனைத் துண்டு துண்டாக வெட்டி, அதில் பொட்டு உள்ள துண்டுகளை மட்டும் பிரித்தெடுத்து, எடை போடுகிற மிஷினுக்குக் கொடுக்க வேண்டும். மாஸ் மிஷின் என்பார்கள். ஒரு அறை முழுக்க அதற்குத்தான். ஏசியும் அதற்குத்தான், நமக்கில்லை.

பிரிப்பதற்கு ஒரு வெள்ளைப் பொடி. சுவருக்கு அடிக்கிற பெயிண்டில் இருக்கிற டைட்டானியம்தானாம், ஆனால் குட்டிக் குட்டி உருண்டையாக. அதற்கு நாலு பாட்டில். முதல் பாட்டிலில் மூக்கைக் குத்துகிற புளிப்புத் திரவம். அந்தப் புளிப்பில் பொட்டு உள்ள துண்டுகள் மட்டும் பொடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவதும் மூன்றாவதும் அலசுவதற்கு; பிடிக்காதவை எல்லாம் போய்விடும். நாலாவது அமோனியா. அது பட்டதும் பிடித்த பிடி விட்டுவிடும். விட்டதை அந்த நொடியே வேறு புளிப்பில் சேர்த்துவிட வேண்டும். அமோனியாவிலேயே கிடந்தால் பொட்டு உதிர்ந்துவிடும்.

எனக்குப் பாட்டில் மேல் இருக்கிற எழுத்து தெரியாதே. அதனால் கழுத்தில் நூல் கட்டினேன். முதல் பாட்டிலுக்கு ஒரு முடிச்சு, அடுத்ததற்கு இரண்டு, இப்படி நாலு வரைக்கும். முதல் வாரம் அதைப் பார்த்துவிட்டு மேடம் ஒன்றும் சொல்லவில்லை. மறு வாரம் பார்த்தால், படித்த பெண்கள் எல்லாம் "ரெண்டு முடிச்சு எங்க? நாலு முடிச்சு தீர்ந்துபோச்சு" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அந்தப் பாட்டில்களைக் கழுவுவதற்கு ஒரு சட்டம் உண்டு. சோப்பு கூடாது. பிரஷ் கூடாது. சுத்தம் பண்ணிய தண்ணீரில் மூன்று தடவை, சாராய வாடை அடிக்கிற ஸ்பிரிட்டில் ஒரு தடவை, பிறகு வெள்ளித்தாள் மேல் கவிழ்க்க வேண்டும். அவ்வளவுதான். சோப்பு போட்டுக் கழுவாத ஏனத்தை நான் சுத்தம் என்று நம்புவேனா? "எப்பிடிங்க மேடம், அழுக்கு போவும்?" என்று கேட்டுவிட்டேன்.

வேறு யாராக இருந்தாலும், சொன்னதைச் செய் என்றிருப்பார்கள். மேடம் என்னை மிஷின் அறைக்குக் கூட்டிப்போனார். ஒரு வாளித் தண்ணீரில் சோப்புப் பவுடர் ஒரு கிள்ளு போடச் சொன்னார். அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, அதையும் எவ்வளவோ தண்ணீரில் கரைத்து, மிஷினுக்குக் கொடுத்தார். திரையில் சீப்பு மாதிரி ஒரு படம் வந்தது. பல்லும் பல்லும் ஒரே அளவு இடைவெளி. நடுவில் உயரம், இரண்டு ஓரமும் தாழ்வு.

"இதான் சோப்பு. இயற்கையா வந்தது எதுவும் இப்படி வரிசையா நிக்காது. இந்தச் சீப்பு வந்துட்டா பின்னாடி இருக்குற எதுவுமே தெரியாது. நல்லா பாத்து வெச்சுக்குங்க, அஞ்சலை. உங்களுக்கு இதான் எழுத்து."

பார்த்து வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரியும்.

மேடத்தின் குணத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஏதாவது கெட்டுப்போனால் 'யார் செய்தது' என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. "எந்த வரிசையில நடந்துச்சு?" என்பார். கண்ணாடி உடைந்தாலும் அதுதான், காபி கொட்டினாலும் அதுதான். ஒருமுறை காவலாளி சாவியைத் தொலைத்துவிட்டு அழாத குறையாக நின்றார். அவரிடமும் அதே கேள்வி. காலையில் பல் விளக்கியதிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார் மனுஷன். டீக்கடை பெஞ்சுக்கு வந்ததும் தானே எழுந்து ஓடினார்.

இனி ஜெசிந்தா. திருவெண்ணெய்நல்லூர் பக்கம். அப்பா கரும்பு வெட்டுகிறவர். அவர்கள் தெருவில் கல்லூரிக்கு மேலே படிக்கப் போன முதல் பெண். சோறு சாப்பிடுவதற்கு முன்னால் சிலுவை போட்டுக்கொள்வாள். நான் போட்டுத் தருகிற மாங்காய் ஊறுகாய்க்கும் தனியாக ஒன்று போடுவாள். "இதுக்கு ஸ்பெஷல் ஜெபம், ஆயா" என்பாள்.

அவள் சொந்த ஊரிலேயே, தென்பெண்ணை ஆற்றுப் பக்கத்தில் ஒரு வயலில், கோடை முழுக்கத் தண்ணீர் காட்டாமல் மல்லாட்டை வளர்த்தாள். செடி வாடுகிற சமயம் பார்த்து இலையைப் பறித்து, புகை கக்குகிற குளிர்த் திரவத்தில் அப்படியே போட்டு எடுத்து வந்தாள். நேரம் தப்பினால் இலையே தன் பொட்டைத் தானே அழித்துக்கொள்ளும். வருகிற வழியில் விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஒரு மணி நேரம் வண்டி நகரவில்லை. கேனிலிருந்து புகை போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் அவள் மனசில் முள் மாதிரி நின்றுவிட்டது.

அந்த இலையை அரைத்தது நான். குளிர்த் திரவத்தை ஊற்றி ஊற்றிக் கல்வத்தில் அரைக்க வேண்டும். பிறகு அவள் அதிலிருந்து புரோட்டீன் எடுத்து, வெட்டி, காயவைத்து, இரண்டு பாதியாக ஃப்ரீசரில் வைத்தாள். அதற்கே மாசக்கணக்கில் ஆனது. அந்த இரண்டு பாதியைத் தவிர வேறு இல்லை. வருஷக் கடைசியில் அவளுடைய உதவித்தொகை முடிகிறது. அடுத்த கோடை வரைக்கும் காத்திருக்க வழியில்லை.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை சமயத்தில் மேடம் மீட்டிங்குக்காகச் சென்னை போயிருந்தார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். என்னைப் பர்மனென்ட் ஆக்குகிற ஆர்டர் ஆபீசில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். லேபையே பளபளவென்று ஆக்கிவிடுவது என்று இறங்கினேன். எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு. பாட்டில்களின் வெளிப்பக்கமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. பூஜைக்கு வைக்கிற பொருள் இப்படியா இருக்கும்? சட்டம் உள்பக்கத்துக்குத்தானே, வெளியே மட்டும் தேய்ப்போம் என்று சோப்புப் பவுடரை எடுத்தேன். வெளியே தேய்த்தேன். கழுத்தைத் தேய்த்தேன். கை தானாக உள்ளே போய்விட்டது. நாற்பது வருஷம் பாத்திரம் தேய்த்த கை, வாசலோடு நிற்குமா? பிறகு பயந்துபோய்ப் பத்துத் தடவை அலசினேன். சட்டப்படி மூன்று தண்ணீர், ஒரு ஸ்பிரிட்டும் காட்டினேன். சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடிச்சு நூலைத் திரும்பக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். மிஷினுக்கு மட்டும் பெரிய பொட்டு. சுண்டல் தின்றோம், பாட்டுப் போட்டோம். நாலாம் நாள் ஜெசிந்தா முதல் பாதியை எடுத்து வேலை தொடங்கினாள். மேடம் இன்னும் திரும்பவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் சைக்கிள் ஷெட்டுப் பக்கம் பெஞ்சில் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. சிலுவையும் போடவில்லை.

"சாப்டு பாப்பா. ஊறுகா கொணாந்துக்கீறேன்."

"வேணாம் ஆயா. எல்லாம் போச்சு."

"இன்னா போச்சு?"

"டோல்கேட்டுல போச்சு. புகை போய்க்கினே இருந்துச்சு, நான் பாத்துக்கினே இருந்தேன். இலை உருகியிருக்கும். பொட்டெல்லாம் உதிர்ந்திருக்கும். இத பாருங்க, என் இலையோட துண்டு ஒண்ணுகூட தெரியல. வேற என்னவோ வந்திருக்கு."

மிஷின் போட்ட படத்தைக் காகிதத்தில் எடுத்து வைத்திருந்தாள். என் பக்கம் திருப்பினாள்.

சீப்பு. பல்லும் பல்லும் ஒரே இடைவெளி. நடுவில் உயரம், ஓரம் தாழ்வு.

அவள் வந்த நாளிலிருந்து லேபில் சோப்பு பட்டதே இல்லை. அவள் இதைப் பார்த்ததில்லை. மிஷின் படத்தை எல்லாம் மேடம்தான் படித்துச் சொல்வார். அந்தக் கட்டிடத்தில் அன்றைக்கு அந்தப் படத்தைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

"மேடம் நாளன்னிக்கு வர்றாங்க" என்றாள். "லெட்டர் எழுதி அவங்க டேபிள்ல வெச்சிட்டு நாளைக்கு ஊருக்குப் போறேன். மிச்சம் இருக்குற பாதிய காலைல கொட்டிடறேன். ஃப்ரீசர்ல எடம் வேணும்னு எல்லாரும் கேட்டுக்கினே இருக்காங்க. எங்கப்பா ஏற்கெனவே போதும் போதும்னு சொல்லிக்கினு இருக்காரு. சரின்னு சொல்லிட வேண்டியதுதான்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "மொதல்ல சாப்டு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இதை மறைக்காமல் எழுது, நந்தினி. பர்மனென்ட் ஆர்டர் மேஜை மேல் இருக்கிறது, கையெழுத்து இன்னும் ஆகவில்லை, இது மட்டும்தான் என் மண்டையில் ஓடியது.

நாலு மணி பஸ்ஸில் ஏறினேன். டோல்கேட்டில் வழக்கம்போல் வண்டி நின்றது. லாரிகளுக்கு நடுவில் ஒரு பெண் வேகவைத்த மல்லாட்டையைப் பொட்டலமாக விற்றுக்கொண்டு வந்தாள். எதிர் வரிசையில்தான் ஜெசிந்தா கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறாள். பழி பூராவும் இந்த இடத்தின் மேலும் அவள் மேலும் விழுந்துகொண்டிருக்கிறது. நான் ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு போகிறேன். எழுந்துவிட்டேன்.

"யம்மா, இங்க ஸ்டாப்பிங் கெடையாது" என்றார் கண்டக்டர்.

"வண்டி நின்னுக்கினுதான இருக்குது? எறங்கினா இன்னா?"

"வீட்ட மறந்துட்டியா, லேப மறந்துட்டியா?"

"வாய மறந்துட்டு வந்துட்டேன். எடுத்துக்கினு வர்றேன்."

"எறங்கு எறங்கு, ஜல்தி!"

எதிர்ப்பக்கம் போய் வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். லேபுக்குள் நுழைந்தபோது ஜெசிந்தா கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆயா, பஸ்ஸு போயிடுச்சா?"

"பாப்பா, அது இலை இல்ல. சோப்பு."

"எது?"

"அந்தச் சீப்பு. மேடம் எனக்குக் காட்டியிருக்காங்க. சோப்பு தண்ணி அப்பிடித்தான் வரும்."

"நம்ம லேப்ல ஏது சோப்பு?"

"நான் போட்டேன். பூஜைக்கு. எல்லா பாட்டிலுக்கும்."

அவள் என்னையே பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா என்று தெரியவில்லை.

"திட்டு பாப்பா. வாய் விட்டுத் திட்டிடு."

"திட்டக்கூடத் தெம்பில்ல. நேத்துலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல ஆயா, நான்." கையை எடுத்தாள். கண் சிவந்திருந்தது. "அப்ப என் இலை?"

"இலைக்கு ஒண்ணும் ஆவல. அரைச்சவ சொல்றேன். உருகி மறுபடி ஒறஞ்ச இலை கறுத்துப்போய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். உன்னுது கல்வத்துல கண்ணாடி வளையல் மாதிரி கலகலன்னு விழுந்துச்சு. மல்லாட்டை சத்தம் கேட்ட காது இது. தப்பா சொல்லாது."

மேடத்துக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள். சோப்பு போட்டதைச் சொன்னேன். பிறகு வந்தது, எனக்குத் தெரிந்த அந்தக் குரல்.

"எந்த வரிசையில நடந்துச்சு, அஞ்சலை? மொதல்லேர்ந்து சொல்லுங்க."

பாட்டில் வெளியே பூத்திருந்ததிலிருந்து சுண்டல், சீப்பு, ஜெசிந்தா எழுதிய கடிதம் வரைக்கும் சொன்னேன்.

"நாலு முடிச்சு பாட்டிலுக்கும் போட்டீங்களா?"

"போட்டேன் மேடம். பொட்டும் வெச்சேன்."

"அதான். மொதல் பாட்டில் அழுக்கு ரெண்டாவதுல போயிடும், ரெண்டாவதோடது மூணாவதுல போயிடும். கடைசிப் பாட்டில்ல இருக்குறது எதுலயும் போவாது, நேரா மிஷினுக்குத்தான் போகும். சரி, சோப்பு போடாத பாட்டில் ஏதாவது இருக்கா?"

யோசித்தேன். சோப்பு போட்டதற்கெல்லாம் பொட்டு வைத்தேன். பொட்டு இல்லாதது என்றால்... "கோல்டு ரூம்ல இருக்கும் மேடம்! அன்னிக்கு அது பூட்டியிருந்துச்சு. சாவி உங்க பையோட சென்னைக்குப் போயிடுச்சு."

"நேத்து ஆபீஸ்ல இன்னொரு சாவி குடுத்திருக்காங்க. போய்ப் பாருங்க."

ஓடினேன். இந்த முழங்காலோடு ஓடினேன். குளிரில் மேல்தட்டில் நின்றன; நெற்றி வெறுமையாக, வெள்ளையாகப் பூத்துப்போய். எண்ணினேன். திரும்ப எண்ணினேன்.

"நாலு மேடம்!"

"போதும். சரியா போதும். பொட்டு வெச்சத யாரும் தொடாதீங்க. போன ஜெசிந்தாகிட்ட குடுங்க." அவள் காதில் வைத்ததும் மேடம் பேசியது எனக்கும் கேட்டது. "லெட்டர் எழுதிட்டேன்னு சொன்னியாமே? பின்பக்கம் காலியா இருக்கா? இருந்தா, புது சொல்யூஷனுக்குக் கணக்க அதுல எழுது."

ஜெசிந்தா அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு என் ஊறுகாயைக் கேட்டு வாங்கி, வெறும் சோற்றோடு நின்றபடியே தின்றாள்.

மேடம் வந்த அன்றைக்கு அவர் செய்ததை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். வளையலைக் கழற்றினார், வாட்ச்சைக் கழற்றினார், முந்தானையை இடுப்பில் செருகினார். நாலு பாட்டிலையும் நான் சட்டப்படி அலசி நூல் கட்டினேன். உடனே இலையைத் தொடவில்லை. "மொதல்ல தண்ணியில ஒத்திகை" என்றார். வெறும் தண்ணீரை வைத்து ஜெசிந்தா முழு வேலையும் செய்து பார்த்தாள்: ஊற்று, குலுக்கு, சுற்று, அலசு, விடு, உடனே புளிப்பு. கை எங்கே தடுமாறுகிறது என்று மேடம் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டாவது, இலை இல்லாமல் நாலு பாட்டில் திரவத்தை மட்டும் மிஷினுக்குக் கொடுத்தார்கள். நான் கதவோரம் நின்றேன். திரையில் கோடு பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது. ஒரு பல்லும் இல்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அதற்கப்புறம்தான் ஃப்ரீசரிலிருந்து அந்தப் பாதி வெளியே வந்தது. நான் ஐஸ் தட்டைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளைப் பொடி சின்ன டியூபுக்குள் ஏறி இறங்கியது. நாலு முடிச்சு பாட்டிலைத் திறந்ததும் அமோனியா மூக்கில் ஏறியது. "விடு... இப்ப புளிப்பு" என்றார் மேடம். ஜெசிந்தாவின் கை தடுமாறவில்லை.

மிஷின் ஒன்றரை மணி நேரம் ஓடியது. ஜெசிந்தா ஜெபமாலையை உருட்டினாள். நான் மாரியாத்தாளைக் கூப்பிட்டேன். மேடம் பென்சில் சீவினார். ஏழு பென்சில் சீவினார், நான் எண்ணினேன். பிறகு படம் வந்தது. சீப்பு இல்லை. ஆய்ந்து குவித்த மல்லாட்டை மாதிரி பெரிசும் சிறிசும், கோணலும் மாணலுமாய், ஒன்றுபோல ஒன்று இல்லாமல் நின்றன. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இது செடியிலிருந்து வந்தது என்று.

மேடம் ஒரு இடத்தில் பென்சிலை வைத்தார். "இந்தத் துண்டு வழக்கமா இருக்குற எடைய விட எண்பது கூட இருக்கு பாரு. அந்த எண்பதுதான் பொட்டு."

"எத்தினி பேருக்கு பொட்டு கீது, பாப்பா?" என்றேன்.

"எண்ணிக்கினே இருக்கேன் ஆயா. இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டு, மேடம் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மேடம் நோட்டை எடுத்து நடந்ததை எழுதினார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மேடம், என் பேர எழுதுங்க. நான்தான் பண்ணேன்னு."

"தப்புக்குப் பேரு எதுக்கு, அஞ்சலை? வரிசை போதும்."

"இல்லீங்க மேடம். எழுதிப் பழகாதவ நானு. ஒரு கையாவது வெக்கறேன். அப்பத்தான் எனக்கு ஆறும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இன்னும் ஒரு வரி எழுதினார். பிறகு மைப்பெட்டியைத் தள்ளினார். அழுத்தி வைத்தேன். அதுதான் அந்த விரல்.

பர்மனென்ட் ஆர்டர் அடுத்த வாரமே வந்தது. ஜெசிந்தா பட்டம் வாங்கி, இப்போது விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறாள். போன கோடையில் அவள் ஊர் வயலில் பத்து ரகம் மல்லாட்டையைக் குறைந்த தண்ணீரில் நட்டிருக்கிறாள். இரண்டு ரகம் தலை நிமிர்ந்து நிற்கிறது என்று போட்டோ அனுப்பினாள். பேரன் போனைப் பிடுங்கிவிட்டான், நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. முடிவு சொல்ல இன்னும் இரண்டு மூன்று கோடை வேண்டுமாம். நிற்கட்டும், நாமும் நிற்போம். மேடம் ஓய்வு பெற்றுச் சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறார். இன்றைக்கும் பூஜைக்கு நான் பாட்டிலுக்குப் பொட்டு வைப்பதில்லை. அலமாரிக் கதவுக்கு வெளியே நாலு பொட்டு வைப்பேன்.

"அவ்ளோதான் கதை" என்றேன் நந்தினியிடம். "இப்ப படி. என் தப்ப நானே சொல்லிட்டேன், இனிமே கேக்கறதுக்குக் கூச்சமில்ல."

அவள் நோட்டில் விரலை ஓட்டிப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். பூஜைக்கு முன்னால் பாட்டில்கள் சோப்பில் கழுவப்பட்டன. நாலாவது பாட்டில் வழியாகச் சோப்பு மிஷினுக்குப் போனது. பொட்டு இல்லாத நாலு பாட்டிலை வைத்து வேலை திரும்பச் செய்யப்பட்டது. எல்லாம் வரிசை. மேடம் சொன்ன மாதிரியே ஒரு பேரும் இல்லை. கடைசி வரிக்கு வந்ததும் நந்தினி நிறுத்திவிட்டாள்.

"இன்னா, எழுத்து அழிஞ்சு போச்சா?"

"இல்ல ஆயா. உங்க கைரேகைக்கு மேல ஒரு வரி இருக்கு. 'படத்தைப் பார்த்து, இது சோப்பு என்று கண்டுபிடித்தவர்: அஞ்சலை.'"

இத்தனை வருஷமாக என் தப்புக்கு வைத்த கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"அதுல என் பேரு எது? காட்டு. மொதல் எழுத்துலேர்ந்து வரிசையா காட்டு."